களியாட்டப் பூங்காவும் கைப்பணமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது முன்னோர் வாக்கு. வீட்டிலே அரிசியையும் எண்ணெயையும் அளந்து செலவிடும் குடும்பங்கள்கூட, உல்லாசப் பிரயாணம் என்று புறப்பட்டவுடன் அந்த அளவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதைக் காணலாம். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்குக் கணக்குப் பார்க்கலாகாது என்ற எண்ணம் ஒருபுறம். திரும்பி வந்தபின் வெறுமையாகிவிட்ட பணப்பை மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே நடுவழி ஒன்று உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை ஆராய்வதற்குப் பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டிஸ்னிலாந்துப் பூங்கா பொருத்தமான இடமாகும். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் திறக்கப்பட்ட இப்பூங்கா, இலங்கையிலிருந்து சென்று பிரான்சிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. உணவுச்சாலையின் சமையலறையிலே இரவு நெடுநேரம் நின்று உழைக்கும் தந்தை ஒருவரை எண்ணிப் பாருங்கள். வகுப்புத் தோழன் அங்கே போய்வந்த கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, நாங்கள் எப்பொழுது போவது?" என்று பிள்ளை கேட்கின்றது. வீட்டு வாடகையும், ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணமும் அவர் மனக்கண்முன் தோன்றுகின்றன. "பார்ப்போம்" என்கின்றார். அந்தப் "பார்ப்போம்" ஆண்டுக்கணக்காக நீளுமாயின், பிள்ளை அதனை "இல்லை" என்றே விளங்கிக்கொள்ளும்.

இத்தகைய பூங்காவிற் சிக்கனம் பேண விரும்புவோர், பூங்கா எவ்வழியாற் பணம் ஈட்டுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1955ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கலிபோர்னியாவின் அனஹைம் நகரிலே வால்ட் டிஸ்னி தமது முதலாவது பூங்காவைத் திறந்தார். அப்பொழுது வளர்ந்தோர் ஒரு டொலரும் சிறுவர் அரை டொலரும் கொடுத்து உள்ளே புகுந்தனர். உள்ளேயிருந்த ஒவ்வொரு விளையாட்டுக்கும் 10 சதம் முதல் 35 சதம் வரை வேறாகக் கொடுத்தனர். பின்னர் பல சீட்டுகளை ஒன்றாகக் கட்டிய புத்தகங்கள் விற்கப்பட்டன. 1982ஆம் ஆண்டிலே அந்த முறை ஒழிந்து, வாயிலில் ஒரே கட்டணம், உள்ளே எத்தனை முறையும் ஏறலாம் என்ற முறை நிலைபெற்றது.

இந்த மாற்றத்தின் பொருள் யாது? முற்காலத்துத் தந்தை, "இரண்டு விளையாட்டுப் போதும்" என்று சொல்லிப் பணத்தை மிச்சப்படுத்தினார். இக்காலத்துத் தந்தை அப்படிச் சொல்வதால் ஒரு சதமும் மிஞ்சாது. கட்டணம் வாயிலிலேயே முடிந்துவிட்டது. இனி, சிக்கனம் செய்யக்கூடிய இடங்கள் இரண்டே. ஒன்று, வாயிலுக்கு வருமுன் செய்யும் தீர்மானம். மற்றொன்று, உள்ளே உணவும் பொருளும் வாங்கும் இடம்.

முதலில் நாளைத் தெரிவு செய்தலைக் கவனிப்போம். ஒரே பூங்கா, ஒரே விளையாட்டுகள். ஆயினும் நாளுக்கு நாள் நுழைவுச்சீட்டின் விலை மாறுகின்றது. கூட்டம் மிகும் நாளில் விலையும் மிகும். கோடை விடுமுறை, நத்தார் விடுமுறை, நவம்பர் முதலாம் நாளையொட்டிய விடுமுறை ஆகியவற்றிலே பிரான்சு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டிருக்கும். குளிர்கால, வசந்தகால விடுமுறைகளோ நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் தொடங்குகின்றன. ஆகவே, மற்றைய வலயங்களின் பாடசாலைகள் திறந்திருக்கும் வாரத்தைக் கண்டறிந்து போவது நன்று. புதன்கிழமையை அமைதியான நாளென்று நம்பிவிடலாகாது. ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் அன்று முழுநாளோ பிற்பகலோ வகுப்பில்லை. ஜனவரி நடுப்பகுதி போன்ற குளிர்நாட்களில் விலை தாழ்ந்திருக்கும். எனினும் அக்காலத்திலேதான் சில விளையாட்டுகளைத் திருத்த வேலைக்காக மூடுவர். பிள்ளை ஆசைப்பட்ட விளையாட்டு மூடப்பட்டிருப்பின், மலிவாக வாங்கிய சீட்டு மலிவானதாகாது. மூடப்படும் விபரத்தைப் பூங்காவின் இணையத்தளத்தில் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

வகுப்பைக் கைவிட்டு மலிவான நாளில் அழைத்துச் செல்வோரும் உளர். பிரான்சிலே 2019ஆம் ஆண்டு முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, சில யூரோக்களுக்காகப் பாடத்தை விற்கலாம் என்ற படிப்பினையைப் பெற்றோரே பிள்ளைக்குப் புகட்டுவது சிக்கனமன்று.

அடுத்தது வயதும் உயரமும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமில்லை. மூன்று முதல் பதினொரு வயது வரை சிறுவர் கட்டணம். பன்னிரண்டு நிறைந்தால் வளர்ந்தோர் கட்டணம். கட்டணமில்லை என்பதற்காக இரண்டு வயதுக் குழந்தையை முன்னிட்டு இப்பிரயாணத்தை மேற்கொள்வது வீண். பின்னாளில் அதற்கு ஒன்றும் நினைவிராது. விளையாட்டுகளுக்கு உயர வரம்பும் உண்டு. பிக் தண்டர் மௌண்டன் என்னும் மலைப்புகையிரதத்தில் ஏற 1.02 மீற்றர் உயரம் வேண்டும். ஹைப்பர்ஸ்பேஸ் மௌண்டனில் ஏற 1.20 மீற்றர் வேண்டும். வீட்டுச் சுவரிலே பிள்ளையை நிறுத்தி அளந்து பார்த்துப் புறப்பட்டால், வரிசையின் முனையிலே கண்ணீர் வடிக்க நேராது. ஏறத்தாழ ஏழு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடைப்பட்ட காலமே, சிறுவர் கட்டணத்துக்கு நிறைந்த பயன் கிடைக்குங் காலமாகும். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் தந்தை, பன்னிரண்டாவது பிறந்தநாளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சீட்டை எங்கே வாங்குவது என்பதும் முக்கியமானது. பிரான்சியச் சட்டப்படி 11 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் நிறுவனங்களிலே சமூக, பொருளாதாரக் குழு என்னும் ஊழியர் பிரதிநிதிகள் சபை இருத்தல் வேண்டும். 50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள இடங்களில் அச்சபை ஊழியரின் நலன்புரிச் செயல்களையும் நடத்துகின்றது. பூங்காச் சீட்டுகளைக் குறைந்த விலையிற் பெற்றுக் கொடுப்பது இத்தகைய சபைகள் வழக்கமாகச் செய்யும் பணிகளுள் ஒன்று. விடுமுறைச் செலவுக்கென ஊழியருக்கு வழங்கப்படும் விசேட காசோலைகளும் 1982ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வழக்கிலிருக்கின்றன. ஆனால் மொழி கைவராமையால் அறிவித்தற் பலகையைப் படியாமலும், கேட்கக் கூசியும் இவற்றை இழப்போர் பலர். இது தருமமன்று, உழைப்பின் பயன். உரிமையாக உள்ளதைக் கேட்டுப் பெறுவதிலே இழிவு ஏதுமில்லை. தந்தைக்கு மொழி வாராவிடின், அங்கு படிக்கும் மூத்த பிள்ளை அந்தப் பலகையை வாசித்துச் சொல்லலாமே!

பிரயாணத்தைப் பொறுத்தவரை, நகரின் நடுவிலிருந்து ஆர்.ஈ.ஆர். என்னும் புகையிரதத்தின் 'ஏ' வழி பூங்காவின் வாயிலருகே கொண்டுபோய் விடுகின்றது. 2025 ஜனவரி முதல் பாரிஸ் பிரதேசம் முழுவதற்கும் ஒரே கட்டணம் விதிக்கப்பட்டபடியால், நெடுந்தூரத்துக்கு முன்போல் மிகுதியாகக் கொடுக்க வேண்டியதில்லை. மாதச்சீட்டு வைத்திருப்போருக்கு வேறு செலவே இல்லை. மோட்டார் வண்டியிற் போவோர் தரிப்பிடக் கட்டணத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இலண்டனிலிருந்து வருவோரை நேரே பூங்காவுக்குக் கொண்டுவந்த யூரோஸ்டார் சேவை 2023 ஜூனில் நிறுத்தப்பட்டுவிட்டது. அவர்கள் பாரிஸ் நகரில் இறங்கி உறவினர் வீட்டிலே தங்கிப் போவதால், விடுதிச் செலவும் மிஞ்சும், உறவும் புதுப்பிக்கப்படும்.

இனி உள்ளே நேரும் செலவு. நான்கு பேருள்ள குடும்பம் பூங்காவின் உணவுச்சாலையில் இருமுறை உண்ணுமாயின், அன்றைய பட்ஜெட்டிலே பெரும் பள்ளம் விழும். பெரிய குளிர்ப்பெட்டிகளை உள்ளே கொண்டுபோதல் ஆகாது. சிறு சிற்றுண்டிக்குத் தடையில்லை. வாயிலுக்கு வெளியே கட்டுச்சோறு உண்பதற்கு இடமும் உண்டு. உண்டபின் அதே நாளில் மீண்டும் உள்ளே புகலாம். வீட்டிலே செய்த றொட்டியோ லாசப்பல் கடையில் வாங்கிய ரோல்ஸோ, தண்ணீர் நிரப்பிக்கொள்ள ஒரு போத்தலும் போதும். பாரிஸ் வானத்தை நம்பலாகாது. மழையங்கியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லல் வேண்டும். நீண்ட வரிசையைத் தவிர்ப்பதற்கு முன்னர் இலவச அனுமதி முறை ஒன்றிருந்தது. 2021 முதல் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. பணம் கொடுக்க விரும்பாதோர் வாயில் திறக்குமுன் வந்து நின்றால், முதல் இரண்டு மணித்தியாலங்களிலே பெரிய விளையாட்டுகள் பலவற்றை முடித்துவிடலாம்.

எஞ்சுவது கடைகள். விளையாட்டு முடிந்து வெளியேறும் வழி, பல இடங்களில் விளையாட்டுப் பொருட் கடைக்குள்ளேயே திறக்கின்றது. அங்கேதான் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் வழக்கு நிகழும். இதற்கொரு நல்வழி உண்டு. காலையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சிறு தொகையைக் கடித உறையிலிட்டுக் கொடுத்து, "இது உன்னுடையது, விரும்பியதை வாங்கு, முடிந்தால் முடிந்ததே" என்று சொல்லிவிடல் வேண்டும். அதன்பின் பிள்ளை பெற்றோரிடம் கெஞ்சாது. பொருளோடு விலையை ஒப்பிட்டுப் பார்க்கும். முதற் கடையிலே கண்டதை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்து, மாலைவரை சிந்திக்கும். அந்தச் சிந்தனை, வகுப்பறையிற் கற்பிக்க அரிதான கணிதம்.

சிக்கனம் பார்ப்பது பிறர் கண்ணுக்கு இழிவாகத் தோன்றுமோ என்று அஞ்சுவோருக்கு இப்பூங்காவின் வரலாறே விடை கூறும். திறக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில், ஐரோப்பியக் குடும்பங்கள் எதிர்பார்த்த அளவுக்கு அங்கே செலவிடவில்லை. விடுதிகளிலே தங்காது, ஒரு நாளிற் பார்த்துவிட்டுத் திரும்பினர். பூங்கா பெரும் நட்டத்திற்கு உள்ளாயிற்று. முடிவில் 1995ஆம் ஆண்டு வசந்தத்தில், நெருக்கடிக் காலத்து நுழைவுக் கட்டணத்தை 250 பிராங்கிலிருந்து 195 பிராங்காகக் குறைத்தனர். பெரிய நிறுவனம் ஒன்று விலையைத் தாழ்த்தியதற்குச் சாதாரணக் குடும்பங்களின் நிதானமும் ஒரு காரணமாயிற்று.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. நாள் முழுவதும் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை இழுத்துச் செல்பவர், சீட்டுக்குக் கொடுத்த பணத்தையும் வீணாக்குகின்றார். நாளையும் வயதையும் உணவையும் வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வந்தவரோ, வாயிலைக் கடந்தபின் கணக்கை மறந்துவிடலாம். சமையலறையிலே உழைத்துக் களைத்த அத்தந்தை, அன்று ஒருநாளாவது "இல்லை" என்னும் சொல்லை வாயாற் சொல்லாது, மகளோடு மலைப்புகையிரதத்தில் இரண்டாம் முறையும் ஏறலாம். மாதமுடிவில் ஊருக்கு அனுப்பும் பணமும் குறையாது. இரவு திரும்பும் புகையிரதத்திலே பிள்ளை அவர் தோளிற் சாய்ந்து உறங்கும்போது, அளந்து போட்டதொன்றும் ஆற்றோடு போய்விடவில்லை என்பதை அவர் உணர்வார்.