வலையைப் பின்னுவது யந்திரம் மட்டுமா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியது)

நெல் விலை என்ன, பஞ்சப்படி எவ்வளவு என்று செல்போனில் தேடுகிறோம். விரல் பட்டதும் பத்துப் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எது முதலில் நிற்பது என்று தீர்மானிப்பது யார்?

கம்பியும் கம்ப்யூட்டரும் சேர்ந்தது இண்டர்நெட். அதன்மேல், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போக இணைப்புப் போட்டு வைத்ததே வலை. 1989 மார்ச்சில், ஜெனிவாவுக்கு அருகேயுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் இதற்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30-ல், எவரும் காசின்றி இதைக் கையாளலாம் என்று அந்த நிலையம் அறிவித்தது. முன்னது யந்திர நுட்பம். பின்னது மனிதர் எடுத்த முடிவு. இரண்டும் சேர்ந்தல்லவா வலை உலகெங்கும் பரவியது!

1998-ல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்கள் கூகிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். பல பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கின்றனவோ, அது மேலான பக்கம், அது முன்னே வரட்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் நடந்தது என்ன? முன்னே நிற்கும் கடைக்குத்தானே வியாபாரம்! உடனே இணைப்பை விற்கவும் வாங்கவும் தரகர்கள் கிளம்பினார்கள். பிறர் பக்கங்களில் புகுந்து தங்கள் இணைப்பை ஒட்டினார்கள். 2005 ஜனவரியில், "இந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்காதே" என்று குறி போடும் முறையைக் கூகிளும் மற்றக் கம்பெனிகளும் கொண்டுவந்தன. கணக்கு மனிதர் நடத்தையை மாற்றியது. மனிதர் நடத்தை கணக்கை மாற்றியது.

இன்னொன்று. 1999-ல் அமெரிக்காவின் நாட்டர் டேம் சர்வகலாசாலையில் பராபாசியும் அவருடைய சகாக்களும் வலையை ஆராய்ந்தார்கள். மிகச் சில பக்கங்களுக்கு ஏராளமான இணைப்பு. மிகப் பல பக்கங்களுக்கு ஒன்றிரண்டுதான். ஏன்? புதிதாக வருகிறவரும் முன்பே பேர் பெற்ற பக்கத்துக்கே இணைப்புக் கொடுக்கிறார். பெருத்தது மேலும் பெருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் எப்படிப் பாயும் என்பதை இன்ஜினீயர் சொல்வார். தலைமடைக்கு முதலில், கடைமடைக்குக் கடைசியில் என்ற முறை எப்படி வந்தது என்பதை ஊராரைக் கேட்டால்தான் தெரியும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் கடைமடை ஏன் காய்கிறது என்பது விளங்கும். வலையும் இப்படித்தான். ஆகவேதான் 2006 நவம்பரில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சர்வகலாசாலையும் சேர்ந்து "வலை விஞ்ஞானம்" என்ற படிப்புக்கு வழி வகுத்தன. பெர்னர்ஸ்-லீயோடு வெண்டி ஹால், நைஜல் ஷாட்போல்ட் முதலியோர் முன்னின்றார்கள். கம்ப்யூட்டர், சட்டம், பொருளாதாரம், சமூகவியல் அனைத்தும் ஒரே மேஜையில்!

நமக்கு இதனால் என்ன என்கிறீர்களா? இன்று அந்தப் பழைய கணக்கோடு வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. காசு கொடுத்த விளம்பரமும் வரிசையில் முன்னே நிற்கிறது. முதலில் வந்ததாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. எழுதியவர் யார், முன்னே நிறுத்திய கணக்கு எது, அதனால் லாபம் யாருக்கு என்று கேளுங்கள். பத்தாவதாக நிற்கும் பக்கத்தையும் திறந்து பாருங்கள், தோழர்களே!