டயரும் சுவரும்

காலையில் பைக்கை எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது கண்ணாடியை. அதுவும் தலைமுடி சரியாக இருக்கிறதா என்று! டயரை யார் பார்க்கிறார்கள்?

காற்றை, வண்டி ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். ஓடி வந்த டயர் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறி, குறைந்த காற்றையும் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். அளவு பல வண்டிகளில் செயின் கவரிலேயே ஒட்டியிருக்கும். படித்தவர்கள்தான் குறைவு.

அடுத்தது பிரேக் விளக்கு. இருட்டு விலகுமுன் வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்க நிறுத்தி, பிரேக்கை அழுத்துங்கள். சுவரில் சிவப்பு கூடினால் விளக்கு எரிகிறது. கைப்பிரேக், கால்பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சுவிட்ச் வேறு வேறு.

கிளம்பும்போது, "அண்ணே, ஸ்டாண்டு!" என்று எதிரே வருபவர் கத்தும்வரை காத்திருக்காதீர்கள்.