டெக்சோமா ஏரியில் ஒரு காலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விலங்கியல் துறைக்காரன் என்பதால் மீன் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடம் நடத்தினால் பின்வரிசை எழுந்து போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் பாடம் கேட்ட கதையைச் சொல்கிறேன்.

2017 ஜூலையில் டல்லாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஒரு நாள், "மாமா, மீன் பிடிக்கப் போலாமா?" என்றார். வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் டெக்சோமா ஏரி. டெக்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் எல்லையில், செந்நதியின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த டெனிசன் அணையால் உண்டானது. பரப்பு ஏறத்தாழ 89,000 ஏக்கர். கரையில் நின்று பார்த்தால் கடல் மாதிரிதான்.

அங்கே பேர் பெற்ற மீன் 'ஸ்ட்ரைப்டு பாஸ்'. வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். உண்மையில் இது அட்லாண்டிக் கடல் மீன். முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும். தென் கரோலினாவில் 1940களின் தொடக்கத்தில் அணை கட்டியபோது உள்ளே சிக்கிக்கொண்டவை, கடலுக்குப் போகாமலேயே இனம் பெருக்கின. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற ஏரிகளிலும் விட்டுப் பார்த்தார்கள். டெக்சோமாவில் 1965 முதல் 1974 வரை குஞ்சு விட்டார்கள். அதன்பின் அவசியமே வரவில்லை. இதன் முட்டை ஓடுகிற நீரில் இரண்டு நாள் போல மிதந்து வந்தால்தான் பொரியும். அடியில் படிந்தால் போச்சு. அணைக்கு மேலே தடையில்லாமல் நீண்ட தூரம் ஓடும் ஆறு இருந்ததால் பிழைத்தது. நம் காவிரியில் ஏறி வந்த ஹில்சாவுக்கு 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். படகு, தூண்டில், இரை எல்லாம் அவர்களுடையது. எங்களுக்கு வாய்த்தவர் அறுபது வயதுக்காரர். விடியுமுன்பே வீச்சு வலை போட்டு 'ஷாட்' என்கிற சின்ன மீன்களை உயிரோடு பிடித்து, உப்புப் போட்ட வட்டத் தொட்டியில் வைத்திருந்தார். ஏன் வட்டம் என்றேன். "மூலை இருந்தால் அதில் போய் முட்டிக்கொண்டு சாகும் சார்" என்றார். குளிர்காலத்தில் கடற்காகங்கள் வட்டமிடும் இடத்தைப் பார்த்தே கூட்டத்தைக் கண்டுபிடிப்பாராம். கோடையில் ஒலிமானித் திரைதான் கண். நாற்பதடி ஆழத்தில் கூட்டம் நிற்பதைக் காட்டினார். மேல் தண்ணீர் சூடு, அடித் தண்ணீரில் பிராணவாயு இல்லை. நடுவில்தான் அதற்கு வாழ்க்கை.

சட்டப்படி ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து மீன். அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை இரண்டுதான் இருக்கலாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து எட்டரை மணிக்குள் பதினாறு ஆகிவிட்டது! அடுத்து என் தூண்டிலில் ஒரு பொடியன். எனக்கோ பெரிய மீன் ஆசை. "இதை விட்டுவிடலாம், பாவம், வளரட்டும்" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கேட்கவில்லை, விட்டேன்.

படகுக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் அது மல்லாந்து மிதந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. படகைத் திருப்பிக் கைவலையால் அதை அள்ளி ஐஸ் பெட்டியில் போட்டார். "இதுவும் உங்கள் கணக்குதான் சார்" என்றார். ஆழத்திலிருந்து சடாரென்று இழுத்ததில் காற்றுப்பை உப்பி, போதாக்குறைக்கு மேல் தண்ணீரின் சூடு. கோடையில் விடுகிற மீனில் பெரும்பாலானது பிழைக்காது என்றார். இந்தக் காற்றுப்பையை முப்பத்தொரு வருஷம் இதே கல்லூரிக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்தவன் நான்! கையில் உயிர் மீன் இருந்தபோது அது ஞாபகம் வரவில்லையே.

இன்னும் மூன்று மீன். தூண்டில்களைச் சுருட்டிவிட்டார். மணி எட்டேமுக்கால், நாங்கள் பணம் கட்டியது மதியம் வரைக்கும். சும்மா விளையாட்டுக்காவது பிடிக்கலாமே என்று மருமகன் கேட்டார். "அதே கூட்டத்தை நம்பித்தான் நாளைக்கும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். மீதி நேரத்துக்கு ஏரியைச் சுற்றிக் காட்டினார். கரையில் அவரே தோலுரித்து, வாடை அடிக்கும் சிவப்புச் சதையை வழித்துத் தள்ளி, வெள்ளைச் சதையை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார்.

இரவு மகள் மிளகாய்த்தூள் தடவி வறுத்தாள். "இது ஒண்ணு மட்டும் ஏம்ப்பா இவ்வளவு சின்னத் துண்டு?" என்றாள்.

மருமகன் முந்திக்கொண்டார்: "அது மாமா விடுதலை பண்ணின மீன்."