கதையும் படிப்போம், கணக்கும் பார்ப்போம்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த நேரத்தில் வழக்கமாக நாம் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை பாக்கி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு விஷயம். காதல் நாவல்! சிரிக்கிறீங்க பாருங்க. சிரிங்க, தப்பில்லை. ஆனா கையைத் தூக்கச் சொன்னா, இங்கே இருக்கிறவங்கள்ல நிறைய பேர் படிச்சிருப்பீங்க. படிக்காதவங்க போன்ல கதை கேட்டிருப்பீங்க. வெளியே சொல்லத்தான் கூச்சம்.

நம் உறுப்பினர் ஒருவர் போன மாதம் ஒன்பது காதல் நாவல் முடித்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பீடி சுற்றுகிறவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், குழுவில் கணக்கு எழுதுகிறவர். ஒன்பதில் ஐந்து, நூலகத்தில் எடுத்தது. இரண்டு, பக்கத்து வீட்டில் கிடந்த பழைய மாத நாவல். மீதி இரண்டும் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டே போனில் கேட்டது. வீட்டில் ஏச்சு வராமல் இருக்குமா? "கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு இவளுக்குக் காதல் கதை கேக்குது" என்று மாமியார் சொன்னாராம்.

"ஏன் அக்கா படிக்கிறீங்க?" என்று நாங்கள் கேட்டோம். அவர் சொன்னது இது: "அந்தக் கதையில அவன் வீட்டுக்குள்ள வந்ததும் அவளைப் பார்த்து 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறான். எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

சகோதரிகளே, இந்தப் பதிலுக்குப் பிறகு யாராவது இந்தப் படிப்பைக் கேலி செய்ய முடியுமா? நாள் முழுக்க அடுத்தவர் பசியைக் கவனிக்கிற பெண்ணுக்கு, தன் பசியைக் கவனிக்கிற ஒருவன் கதையிலாவது வரட்டுமே என்று இருக்கிறது. ஆண்கள் டீக்கடையில் பேப்பர் படிக்கிறார்கள், சினிமா பேசுகிறார்கள். அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. பெண் அரை மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மட்டும் அது சோம்பேறித்தனமா?

இந்தக் கதைகளை எழுதியவர்களிலும் பெண்கள் ஏராளம். 1901-ல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். சிறு வயதிலேயே கல்யாணம். முதலில் அவர் வாயால் கதை சொல்ல, தோழி எழுதித் தந்தார். பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையும் நடத்தினார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு குழுவுக்கு வந்த நம் பெண்களுக்கு இந்தக் கதை புரியும். லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, கதை எழுதிய பணத்தை வைத்து மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தவர். 1984-ல் சாகித்ய அகாதமி விருதும் பெற்றார். ரமணிச்சந்திரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூற்றுக்கும் மேல் நாவல்கள். எந்த நூலகத்துக்குப் போனாலும் அட்டை கிழிந்து, தைத்து வைத்திருக்கும் புத்தகங்களில் அவருடையது ஒன்று இருக்கும். அத்தனை கைகள் அதைப் புரட்டியிருக்கின்றன!

ஆகவே, படிக்க வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எப்படிப் படிப்பது என்று பேசத்தான் வந்திருக்கிறோம்.

நம் உறுப்பினருடைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் அவள் தன் தோழியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஒரு பையன் மூன்று மாதமாக அந்தத் தோழியின் பின்னாலேயே வருகிறானாம். பஸ்ஸில் வருகிறான், பள்ளி வாசலில் நிற்கிறான், "பேசலேன்னா கையை அறுத்துக்குவேன்" என்கிறான். அந்தப் பெண்ணுக்குப் பயம். ஆனால் வகுப்பில் மற்ற பிள்ளைகள், "உனக்காக எவ்வளவு உருகுறான், நீ குடுத்து வச்சவ" என்கிறார்களாம். "கதையில வர்ற மாதிரியே இருக்கும்மா" என்று மகளும் சொல்லியிருக்கிறாள்.

அந்த வார்த்தைதான் நம் உறுப்பினரை உலுக்கியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே பழைய தீர்மான நோட்டில் காலியாக இருந்த பக்கத்தில் கோடு போட்டார். முடித்த கதைகளையும் திரும்பப் புரட்டினார். குழுக் கணக்கைத் தணிக்கை செய்வதுபோல, ஒவ்வொரு கதைக்கும் நான்கு கேள்வி.

ஒன்று: அவளுக்குச் சொந்தச் சம்பாத்தியம் உண்டா? கல்யாணத்துக்குப் பிறகும் இருக்கிறதா?

இரண்டு: தொடுவதற்கு முன்னால், தாலி கட்டுவதற்கு முன்னால், அவன் அவள் சம்மதத்தைக் கேட்டானா?

மூன்று: அவனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்கிறான்?

நான்கு: அவளுக்குக் கஷ்டம் வந்தபோது போய்ச் சொல்ல ஒரு ஆளாவது இருந்ததா?

நாங்கள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தோம். ஒன்பது கதையில் எட்டில் கதாநாயகிக்கு வேலை இருக்கிறது. ஆபீஸ், பள்ளிக்கூடம், ஒருத்தி சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகிறவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் வேலை என்ன ஆனது என்று கதை சொல்லவே இல்லை. பெரிய பங்களா வந்ததும் வேலை காணாமல் போய்விட்டது! பங்களா யார் பெயரில் என்றும் கதை சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது 'இது யார் பெயரில்' என்று கேட்கிற நாம், கதையிலும் கேட்கலாம்.

நான்கு கதையில் அவன் கேட்கவே இல்லை. பலவந்தமாகக் கையைப் பிடிக்கிறான், மிரட்டிக் கல்யாணம் செய்கிறான், பழி வாங்கத் தாலி கட்டுகிறான். பிறகு ஒரு காய்ச்சல் வருகிறது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுக்கிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது. கோபம் வந்தால்? ஐந்து கதையில் அறைகிறான், அல்லது பொருளை உடைக்கிறான். காரணம் கேட்டால், "அவ மேல இருக்கிற பாசம்". இந்த இடத்தில் நம் உறுப்பினர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "வரவு கஞ்சி. செலவு அடி. இருப்பு என்ன?"

கை தட்டுங்க சகோதரிகளே, இதைவிடப் பெரிய விமர்சனம் யார் எழுத முடியும்?

நான்காவது கேள்விக்கு வந்த பதில் எங்களுக்கும் புதுசு. ஒன்பதில் ஆறு கதையில் அவளுக்குத் தோழியே கிடையாது. அம்மா இறந்திருப்பாள், அல்லது தூரத்தில் இருப்பாள். அவனை விட்டால் யாரும் இல்லை. அதனால்தான் அவன் கோபத்தையும் சேர்த்துப் பொறுக்கிறாள். நாம் ஏன் வாரா வாரம் வட்டமாக உட்காருகிறோம்? அந்தக் கதாநாயகிக்கு இல்லாதது நமக்கு இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

ஒன்பதும் இப்படித்தானா? இல்லை. ஒரு கதையைப் பச்சை மையில் குறித்திருக்கிறார். அதில் அவன் கேட்கிறான், அவள் "யோசிக்கணும்" என்கிறாள், அவன் காத்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தையல் கடை தொடர்ந்து நடக்கிறது. சண்டை வருகிறது, அவன் வெளியே போய் நடந்துவிட்டுத் திரும்பி வந்து பேசுகிறான். "அதைப் படிச்சுட்டும் அழுதேன்க்கா. நல்லவனா இருந்தாலும் கதை ருசியாத்தான் இருக்கு" என்றார்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது குற்றம். 2013-ல் இது இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு இதுதான். பலவந்தமாகத் தூக்கிப்போய்க் கட்டாயக் கல்யாணம் செய்வதும் குற்றம். வீட்டுக்குள் அடிப்பதற்கு எதிராக 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. உதவிக்குப் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்ணையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்தப் பள்ளிப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவள் மூன்று மாதமாக வீட்டில் வாய் திறக்காததற்கு ஒரே காரணம்தான். விஷயம் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். நம் ஊர்களில் நடக்கிறதுதானே? தப்பு செய்தவன் பஸ்ஸில் போவான், பயந்தவள் வீட்டுக்குள் இருப்பாள். நம் உறுப்பினர் முதலில் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய்ப் பேசினார். "படிப்பை நிறுத்த மாட்டோம்னு முதல்ல அவகிட்ட சொல்லு மதினி. அப்புறம் மத்ததைப் பார்ப்போம்" என்றார். பிறகு குழுவில் நான்கு பேர் சேர்ந்து தலைமையாசிரியையிடம் போனார்கள். பையனுடைய பெற்றோரையும் வரவழைத்துப் பேசினார்கள். பின்தொடர்வது நின்றது. அந்தப் பிள்ளை இன்றைக்கும் அதே பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறாள்.

காதல் கதையைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? மகள் அம்மாவிடம் சொல்லியிருக்கவே மாட்டாள். அம்மாவும் படிக்கிறவள் என்று தெரிந்ததால்தான் "கதையில வர்ற மாதிரி" என்று பேச்சு வந்தது. ஆகவே வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் ஒளித்து வைத்துப் படிப்பதைவிட, அம்மாவும் மகளும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு, "இவன் பண்ணினது சரியா?" என்று பேசுவது நல்லது.

இன்னும் இரண்டு வார்த்தை. போனில் கதை படிக்கிறவர்கள் கவனியுங்கள். சில செயலிகளில் முதல் சில பகுதிகள் இலவசம், அடுத்த பகுதிக்குப் பணம். பத்து, இருபது என்று போவது தெரியாது. அதையும் வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் கட்டினார்கள். உங்கள் ஊர்க் கட்டடம் திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? பூட்டிக் கிடந்தால் குழுவில் தீர்மானம் போட்டு, அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். நம் பணத்தில் நடப்பதை நாம் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், கடன் வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படித்த கதை, கேட்ட கதை, பார்த்த சீரியல் எதுவானாலும் சரி. அந்த நான்கு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாரும் பதில் சொல்லலாம், இதற்கு அனுபவம்தான் வேண்டும். பச்சை மை வாங்கும் கதை எது என்று எங்களுக்கும் சொல்லுங்கள். அடுத்த இதழில் அந்தப் பட்டியலைப் போடுவோம்.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், உங்கள் மகளிடமோ மருமகளிடமோ "சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மகனையும் கேட்கப் பழக்குங்கள். கதாநாயகன் வந்துதான் கேட்க வேண்டும் என்று இல்லை.