கடன் தீர்த்தலும் குணம் வளர்த்தலும்



தமிழில் 'கடன்' என்னும் சொல் இருபொருள் தருவது. ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். காலைக்கடன், நீத்தார் கடன் என்று கூறும் அதே நாவால் கைமாற்றுக் கடன், நகைக்கடன் என்றும் கூறுகிறோம். வாங்கியதைத் திருப்பித் தருதல் வெறும் வரவுசெலவுக் கணக்கன்று, அறத்தின் பாற்பட்டது என்று கருதிய மக்களின் மொழி இது.

கடன்பட்டார் யாவர்க்கும் அதைத் தீர்க்க வேண்டும் என்னும் எண்ணம் உண்டு. ஆயினும் பலருக்குத் தீர்வதில்லை. நோயாலும், மழை பொய்த்தமையாலும், வேலை இழந்தமையாலும் கடன்பட்டாரைப் பற்றி ஈண்டுப் பேச்சில்லை. அவர்க்கு வேண்டுவது கைகொடுத்து உதவுதலேயன்றி அறிவுரை அன்று. கையில் ஓரளவு வருவாய் இருந்தும் கடன் தீராமல் நிற்கும் இல்லங்களே இங்குக் கருதப்படுவன. அவ்வில்லங்களில், முதலில் கடன் தீரட்டும், பிறகு நல்ல பழக்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக் கேட்கிறோம். இவ்விரண்டையும் பிரிக்கலாகாது என்பதற்கு ஒருவருடைய வாழ்க்கை நல்ல சான்றாக இருக்கின்றது. அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடியும் மின்னலும் கூடிய வானில் பட்டம் விட்டு மின்சாரத்தை ஆராய்ந்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவர். கடனாளியாக இருந்த பிராங்க்ளினை அறிந்தோர் சிலரே.

1706-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்ற ஓர் எளியவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். அச்சுத்தொழில் கற்றுப் பிலடெல்பியா நகரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1724-இல் ஊருக்குச் சென்று திரும்பும் வழியில், வெர்னன் என்பவர் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். பென்சில்வேனியாவில் தமக்கு வரவேண்டிய ஏறத்தாழ 35 பவுன் தொகையை வாங்கி, தாம் கேட்கும் வரையில் வைத்திருக்குமாறு வேண்டினார். பிராங்க்ளினுக்கு அப்போது வயது 18. பணத்தை வாங்கினார்; வைத்திருக்கவில்லை. காலின்ஸ் என்னும் இளமைத் தோழன் குடிப்பழக்கத்தில் வீழ்ந்து, வேலையின்றி, அவரை அண்டிப் பிழைத்தான். கேட்கும்போதெல்லாம் அந்த அடைக்கலப் பொருளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கொடுத்தார். இறுதியில் காலின்ஸ் பார்படோஸ் தீவுக்குக் கப்பலேறினான். முதலில் கையில் வரும் பணத்தை அனுப்பிவிடுவதாகச் சொல்லிச் சென்றவனைப் பற்றிப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

இரக்கத்தால் செய்த பிழைதானே என்று சிலர் கூறக்கூடும். பிறர் பொருளைக்கொண்டு காட்டும் இரக்கம் இரக்கம் ஆகாது. பிராங்க்ளினும் தம்மை அவ்வாறு மன்னித்துக்கொள்ளவில்லை. முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் இதனைத் தம் வாழ்வின் பெரும்பிழைகளுள் ஒன்றாக எண்ணி வைத்தார். வெர்னன் என்று கேட்பாரோ என்னும் அச்சம் பல ஆண்டுகள் அவரை விட்டு நீங்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் அவர் இலண்டனுக்குச் சென்றார். அச்சகம் வைத்துத் தருகிறேன், கடனுறுதிக் கடிதங்கள் தருகிறேன் என்று ஓர் ஆளுநர் சொன்ன சொல்லை நம்பிச் சென்றவருக்கு, கப்பல் கரைசேர்ந்தபோது ஒரு கடிதமும் கிட்டவில்லை. அந்தக் கப்பலில் உடன் வந்தவர் டென்ஹாம் என்னும் வணிகர். டென்ஹாம் முன்னர் பிரிஸ்டல் நகரில் வணிகம் செய்து நொடித்துப்போனவர். கடன் கொடுத்தோர் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு மீதியை விட்டுவிட, அவர் அமெரிக்கா சென்று உழைத்துச் செல்வம் ஈட்டினார். இம்முறை இங்கிலாந்து திரும்பியதும் பழைய கடன்காரர்களை எல்லாம் விருந்துக்கு அழைத்தார். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறுகிறார் என்று எண்ணி அவர்கள் உண்டார்கள். முதல் தட்டுகளை எடுத்தபோது, ஒவ்வொருவர் தட்டின் கீழும் ஓர் ஓலை இருந்தது: விட்டுவிட்ட மீதித்தொகை முழுவதும், வட்டியோடு சேர்த்து, வங்கியில் பெற்றுக்கொள்வதற்கான உத்தரவு! சட்டப்படி அவர் ஒரு காசும் தரவேண்டியதில்லை. வெர்னன் பணத்தைச் செலவழித்துவிட்டு நின்ற இளைஞன் இதனைக் கேட்டபோது அவன் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1726-இல் டென்ஹாமுடனேயே அவர் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். இலண்டனில் வேறொரு நண்பருக்குக் கொடுத்த 27 பவுனும் திரும்பவில்லை. கடல் நடுவே, தம் 20-ஆம் வயதில், தம் வாழ்வுக்கென்று ஒரு திட்டத்தை எழுதினார். கவிதை எழுதுவோர்கூட முன்னதாக ஓர் அமைப்பு வகுத்துக்கொள்கிறார்கள். தம் வாழ்க்கையோ அமைப்பே இல்லாத காட்சிகளின் குழப்பமாய் இருந்துவிட்டது என்பது அதன் முன்னுரைக் கருத்து. பின்வருவன நான்கு தீர்மானங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்கும் வரையில் மிகுந்த சிக்கனம் கைக்கொள்ளுதல் முதலாவது. எப்போதும் உண்மையே பேசுதல், நிறைவேற்ற இயலாத நம்பிக்கையைப் பிறர்க்கு ஊட்டாதிருத்தல் இரண்டாவது. மேற்கொண்ட தொழிலில் பொறுமையோடு உழைத்தல், திடீர்ச் செல்வம் தேடும் பேதைமைக்கு இடங்கொடாமை மூன்றாவது. எவரைப் பற்றியும் தீமை கூறாமை நான்காவது.

இந்நான்கில் பொருள் பற்றியது எது, குணம் பற்றியது எது என்று பிரிக்க முயன்றால் பிரியாது. கடனாளி முதலில் இழப்பது பணத்தையன்று, வாய்மையை. வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் செய்கிறான். வரும் வெள்ளிக்கிழமை என்கிறான். வெள்ளி போனபின் அடுத்த வெள்ளி என்கிறான். பொய்யன் ஒருவன் கடன் வாங்குவது அருமை. கடன் வாங்கிய மெய்யன் பொய்யனாவது எளிது. பிராங்க்ளின் இதனை நன்கு உணர்ந்திருந்தார்.

1728-இல் மெரிடித் என்னும் பங்காளியோடு அச்சகம் தொடங்கினார். மெரிடித்தின் தந்தை தருவதாகச் சொன்ன முதலில் பாதியே தந்தார்; மீதி நூறு பவுனுக்கு வணிகர் வழக்குத் தொடுத்தார். அச்சுப்பொறி ஏலம் போகும் நிலை. அப்போது நண்பர் இருவர், ஒருவர் செய்தி மற்றவர் அறியாமல், தனித்தனியே வந்து முழுப்பணமும் தருவதாகக் கூறினர். குடிகாரனான மெரிடித்தை மட்டும் விலக்கிவிடுமாறு சொன்னார்கள். தமக்கு முன்பு உதவியவர்கள் தம் சொல்லைக் காக்க வழியிருக்கும் வரையில் தாமாக விலகலாகாது என்று பிராங்க்ளின் மறுத்தார். சில நாளில் மெரிடித்தே, இத்தொழில் தனக்கு ஆகாது என்று சொல்லி விலகினான். நண்பர் இருவரிடமும் பாதிப்பாதி பெற்று, மெரிடித்தின் தந்தை தந்ததைத் திருப்பி, அவனுடைய சில்லறைக் கடன்களையும் அடைத்து, 30 பவுனும் ஒரு புதிய சேணமும் கொடுத்து அனுப்பினார். அச்சகம் தனிச்சொத்தாயிற்று, கடனும் தனிச்சுமை ஆயிற்று.

வெர்னனும் இதே காலத்தில் நினைவூட்டிக் கடிதம் எழுதினார், ஆயினும் நெருக்கவில்லை. பிராங்க்ளின் ஒளியவில்லை. வாங்கியது உண்மை, செலவழித்ததும் உண்மை, சிறிது பொறுக்க வேண்டும் என்று திறந்த மனத்தோடு மறுமொழி எழுதினார். கைக்கு வந்தவுடன் முதலையும் வட்டியையும் நன்றியோடு செலுத்தினார்.

அச்சகக் கடனைத் தீர்த்த கதை இன்னும் சுவையானது. எளிய உடை, வேட்டை, மீன்பிடித்தல் முதலிய பொழுதுபோக்குகள் இல்லை. எப்போதேனும் ஒரு நூல் அவரை வேலையிலிருந்து இழுத்ததுண்டு, அவ்வளவே. கடையில் வாங்கிய காகிதத்தைத் தாமே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து வீதி வழியே தள்ளிச் சென்றார். உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, கடன் கொடுத்தோர் கண்ணில் அவ்வாறு படவும் வேண்டும் என்பது அவர் கருத்து. இதில் சிறிது வணிகத் தந்திரமும் உண்டு என்பதை அவரே மறைக்கவில்லை.

1730-இல் இல்லறம் ஏற்ற டெபோரா அம்மையார் அவர்க்கு ஏற்ற துணைவியானார். சிறு நூல்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், காகிதம் செய்வோர்க்காகப் பழந்துணி வாங்கிச் சேர்த்தார். காலை உணவு பாலும் ரொட்டியும், மலிவான மண்கிண்ணம், ஈயக் கரண்டி. ஒருநாள் காலையில் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வந்து நின்றன. அயல்வீட்டார்க்கு இருப்பதுபோல் தம் கணவர்க்கும் இருக்க வேண்டும் என்று அம்மையார் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கிய பொருள்கள் அவை. பகட்டு ஒரு குடும்பத்திற்குள் நுழையும் வழி இதுவென்று பிராங்க்ளின் நகைச்சுவையோடு எழுதுகிறார். அன்பின் வாயிலாகவே அது நுழைகிறது. ஆகையால்தான் தடுப்பது அரிது.

கடன் இன்னும் முழுவதும் தீராத அந்நாளில்தான் தம் குணங்களைச் சீர்ப்படுத்தும் முயற்சியையும் மேற்கொண்டார். மிதவுணவு, சொல்லடக்கம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, மிதம், தூய்மை, மனவமைதி, புலனடக்கம், பணிவு எனப் பதின்மூன்று குணங்கள். ஒரு சிறு ஏட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். சிவப்பு மையால் வாரநாள் ஏழுக்கும் கட்டங்கள். வாரம் ஒரு குணத்தில் தனிக்கவனம். தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று.

குணங்களின் வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. சிக்கனமும் உழைப்பும் முன்னே நிற்க, வாய்மையும் நீதியும் பின்னே வருகின்றன. காரணத்தையும் அவரே கூறுகிறார்: முன்னிரண்டும் எஞ்சிய கடனிலிருந்து விடுவிக்கும், விடுபட்டவனுக்குப் பின்னிரண்டும் எளிதாகும். தோட்டத்துக் களையை ஒரே நாளில் முழுவதும் பறிக்க முயலாமல், ஒரு பாத்தியை முடித்து மறு பாத்திக்குச் செல்பவனைப் போன்றது இம்முறை என்றும் சொல்கிறார்.

சில காலம் கழித்து, ஆண்டுக்கு ஒரே சுற்று என்று குறைத்துக்கொண்டார். அப்போது ஒரு குணத்துக்கு நான்கு வாரம், அஃதாவது ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. நம் நாட்டு இல்லறத்தார்க்கு இந்த அளவே பொருந்தும். சம்பளம் மாதந்தோறும், வாடகை மாதந்தோறும், வட்டியும் மாதந்தோறும் அன்றோ!

வட்டிக் கணக்கையும் சிறிது பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிற் பொருளை ஊர்ச்சபையார் பெற்று, ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்தியமை காணப்படுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் என்றும் நிற்க, பொலிசை மட்டும் சந்திரசூரியர் உள்ளவரை வரவேண்டும் என்பது அறக்கட்டளையின் இலக்கணம். அறக்கட்டளைக்கு அது சிறப்பு, குடும்பத்துக்கு அழிவு. ஆயினும் பல குடும்பங்கள் தம் கடனைச் சந்திரசூரியர் உள்ளவரை நடத்துகின்றன! ஓர் இலட்சம் ரூபாய் கடன்; இரண்டு வட்டி; மாதம் 2,000 ரூபாய் வட்டி. அந்த 2,000 மட்டும் கட்டினால் பேரன் காலத்திலும் முதல் குறையாது. நிலுவைத் தொகைக்கே வட்டி என்னும் கணக்கில், 2,500 கட்டினால் ஏறத்தாழ 81 மாதத்தில் தீரும். 3,000 கட்டினால் 55 மாதம் கடந்து சில நாளில் தீரும். 4,000 என்றால் 35 மாதம். முதலில் கூட்டிய 500 ரூபாய் முடிவே இல்லாததற்கு முடிவு தருகிறது; அடுத்த 500 இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது.

அந்த 500 எங்கிருந்து வரும்? இம்மாதம் சொல்லடக்கம் பழகும் குடும்பத் தலைவன், கேட்டவர்க்கெல்லாம் வாக்குக் கொடுப்பதை நிறுத்துகிறான். அடுத்த மாதம் ஒழுங்கு. மின்கட்டணமும் நகைக்கடன் தவணையும் நாள் தவறாமல் செலுத்தப்பட, தண்டத்தொகை நிற்கிறது. அதற்கடுத்த மாதம் மிதவுணவு. கடைத் தின்பண்டச் செலவு குறைகிறது. குணம் ஒவ்வொன்றும் ஒரு சிறு தொகையைக் கொண்டுவந்து கடனின் தலையில் வைக்கிறது. திங்கள் முடிவில் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, கட்டிய தொகையையும் தவறிய நாளையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுவது நன்று. வேறு வேறு ஏடு வேண்டா. மறைத்து வைத்த கடன் இருப்பின் அதைச் சொல்லிவிடுவதே முதல் மாதத்தின் பணி; அதுவே எல்லாவற்றிலும் கடினம்.

பிராங்க்ளின் எல்லாவற்றிலும் வென்றார் என்று எண்ண வேண்டா. ஒழுங்கு அவர்க்கு இறுதிவரை கைகூடவில்லை. பொருளை வைத்த இடம் மறப்பார். பணிவில் தோற்றத்தைப் பெற்ற அளவுக்கு உண்மையைப் பெறவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். நீதியை ஏட்டில் எழுதியவர், அடிமைகளை விற்கும் விளம்பரங்களைத் தம் செய்தித்தாளில் அச்சிட்டார். அடிமைகளை வைத்தும் இருந்தார். 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790-இல் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். அந்தப் பக்கத்தின் புள்ளி அழிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கடனோ தீர்ந்தது. 1748-இல், தம் 42-ஆம் வயதில், அச்சுத் தொழிலை வேறொருவரிடம் விட்டு ஓய்வு பெறும் அளவுக்குச் செல்வம் சேர்ந்தது. முதல் ஏட்டில் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதால், தந்தத்தால் ஆன ஏடு ஒன்றுக்குக் கட்டங்களை மாற்றிக்கொண்டார். கட்டங்கள் நிலையான சிவப்பு மையில், தவறுகள் பென்சிலில். ஒரு சுற்று முடிந்ததும் ஈரப்பஞ்சால் புள்ளிகளைத் துடைத்துவிட்டு மறுசுற்றைத் தொடங்குவார். பிற்காலத்தில் பயணங்களும் நாட்டுப் பணிகளும் பெருகிப் புள்ளியிடுவதே நின்றுபோன பின்னும், சென்ற இடமெல்லாம் அந்தச் சிறு ஏட்டை உடன் எடுத்துச் சென்றார்.