பூட்டை உடைக்காத ஆட்கள்

2019-ல வந்த 'பாரசைட்' கொரியப் படத்தை போன வாரம் மூணாவது தடவை பார்த்தேன். கி-வூ போலிச் சான்றிதழோட டியூஷன் எடுக்கப் போறான். அந்தப் பணக்கார வீட்டம்மா அதைப் பெருசா கண்டுக்கவே இல்ல. நண்பனோட சிபாரிசு போதும். அதே வழியில அவன் குடும்பமே உள்ளே வந்துடுது. எங்க துறையில இதுக்குப் பேரு சோஷியல் இன்ஜினியரிங். பூட்டை உடைக்க வேண்டாம், சாவி வெச்சிருக்கிறவங்க நம்பினா போதும்.

என் முதல் வேலையும் ரெஃபரல்ல கிடைச்சதுதான். சிபாரிசு இல்லாதவன் எங்கே போவான்? அதனால கி-வூவைத் திட்ட மனசு வரல. ஆனா, இவங்களால வேலை போன அந்த வீட்டுப் பணிப்பெண்? அவங்களும் ஏழைதானே. அங்கதான் எனக்குத் தொண்டை அடைக்குது.