இலவசப் பிரயாணமும் பிறநாட்டவரும்

கல்முனையிற் புறப்பட்டுக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் பஸ் வண்டியில் ஏறுகின்ற ஒருவரை நோக்கி, 'நீர் எந்நாட்டுப் பிரஜை?' என்று கண்டக்டர் வினவுவதில்லை. இறங்கும் இடத்தை மட்டுமே கேட்பார். அதற்குரிய காசைப் பெற்றுச் சீட்டைக் கொடுப்பார். சவளக்கடைக்குச் செல்பவராயினும், மத்தியமுகாமுக்குச் செல்பவராயினும், அறுகம்குடாவுக்குப் போக எண்ணித் திசை தப்பி வந்த வெள்ளைக்காரராயினும் அவ்வவ்விடத்துக்குரிய கட்டணம் ஒன்றே. காசு கொடுத்துச் செல்லுமிடத்தில் எழாத அந்தக் கேள்வி, 'காசின்றியே செல்லலாம்' என்று ஓர் அரசு அறிவித்த மாத்திரத்தில் எழுந்துவிடுகிறது. பொதுப் பணத்தில் ஓடும் வண்டியிற் பிறநாட்டவருக்கும் இடம் உண்டா?

இலங்கையில் மாணவருக்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டேயன்றி, இத்தகைய இலவசப் பிரயாணம் இல்லை. ஆயினும் இக்கேள்வி இலங்கையருக்குத் தொலைவிலுள்ள கேள்வி அன்று. அதன் காரணத்தை அறியக் கடலுக்கு அப்பாற் சற்று நோக்குதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே 7ஆந் திகதி முதலமைச்சராகப் பதவியேற்ற திரு. மு. க. ஸ்டாலின் அன்றே கையொப்பமிட்ட ஆணைகளுள் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பஸ் வண்டிகளிற் பெண்கள் யாவரும் கட்டணமின்றிச் செல்லலாம் என்பது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கையரும், மாற்றுத் திறனாளிகளும் அவருக்குத் துணைவருவோரும் அதிற் சேர்க்கப்பட்டனர். போக்குவரத்துக் கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய ஆண்டொன்றுக்கு 1,200 கோடி ரூபா தேவைப்படும் என்று தொடக்கத்திற் கணக்கிடப்பட்டது. 'டவுன் பஸ்' என்ற பெயரைக் கேட்டு அது நகரத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டில் அது வயல்வெளிகளுக்கு ஊடாகவும் கிராமங்களுக்குச் செல்கிறது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வொன்று, இத்திட்டத்தினால் ஒரு பெண்ணுக்கு மாதம் 888 ரூபா வரை மிஞ்சுவதாகக் கூறிற்று. கூலிவேலைக்குச் செல்லும் வீட்டில் அது அரிசிக்கும் பாலுக்கும் ஆகும் பணம்.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் தொகையில் மட்டும் இல்லை. ஏறுகின்ற பெண்ணிடம் கண்டக்டர் எந்த அடையாள அட்டையையும் கேட்பதில்லை. கட்டணம் இல்லாத சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார், அவ்வளவே. இந்தச் சிறு செய்கையினாற் பயன்பெறுவோருள் இலங்கைப் பெண்களும் உளர் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

1983இன் கலவரத்துக்குப் பின்னரும், 1990இலும், அதன் பின்னரும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் படகேறிச் சென்றோருள் ஏறக்குறைய 58,000 பேர் 2021ஆம் ஆண்டளவிலும் அங்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்தனர். மண்டபம், கும்மிடிப்பூண்டி, கொட்டப்பட்டு என்னும் பெயர்கள் நேயர்களிற் பலருக்கு உறவினர் முகவரிகளாகவே அறிமுகமானவை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆதலின், சட்டத்தின் கண்ணில் இவர்கள் பிறநாட்டவரே. 1987 யூலை 1ஆந் திகதிக்குப் பின்னர் அங்கே பிறந்த பிள்ளையும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இல்லாவிடின், பிறப்பினாற் பிரஜையாவதில்லை. 2025 செப்ரெம்பரில் இந்திய அரசு வெளியிட்ட ஆணையொன்று, 2015 ஜனவரி 9ஆந் திகதிக்கு முன்னர் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் புதிய குடிவரவுச் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து விலக்கியது. அது ஆறுதல், பிரஜாவுரிமை அன்று.

முகாமில் வாழ்பவரின் வாழ்வு பத்திரங்களால் ஆனது. பெயர்ப் பதிவு, கணக்கெடுப்பு, வெளியூரில் தங்குவதற்கு அனுமதி என்று ஒவ்வொரு படியிலும் 'நீ யார்?' என்ற வினா நிற்கும். அத்தகைய ஒரு பெண், தையல் வேலைக்கோ, கல்லூரிக்கோ, மருத்துவமனைக்கோ புறப்படுகையில், பஸ் வண்டியின் படியில் மட்டும் அவ்வினா இல்லை. அவளருகே அமர்ந்திருக்கும் அவ்வூர்ப் பெண்ணுக்குக் கிடைத்த சீட்டே அவளுக்கும் கிடைக்கிறது.

அயல் மாநிலமான கர்நாடகத்தில் நிலை வேறு. 2023 யூன் 11ஆந் திகதி தொடங்கிய 'சக்தி' திட்டம் அம்மாநிலத்தில் வதிபவருக்கே உரியது. புகைப்படமும் அம்மாநில முகவரியும் கொண்ட அட்டையைக் காட்டுதல் வேண்டும். டில்லியில் 2019 அக்ரோபரில் எல்லாப் பெண்களுக்கும் எனத் தொடங்கிய சலுகையை, அந்நகரின் முகவரியுடையோருக்கென ஒடுக்கப் போவதாக 2025இல் அறிவித்தனர்.

இவ்வாறு வரையறுப்போர் கூறும் நியாயத்தை எளிதிற் புறக்கணித்தல் தகாது. ஒரு நாட்டின் கருவூலம் அந்நாட்டு மக்களின் உழைப்பினால் நிறைந்தது. வழிப்போக்கருக்கெல்லாம் அதைத் திறந்துவிட்டால் உள்ளூராருக்குக் குறையாதா என்று அவர்கள் கேட்கின்றனர். கோலாலம்பூரில் 2012இல் இலவசமாகத் தொடங்கிய நகர பஸ் சேவையிற் பின்னர் பிறநாட்டவரிடம் மட்டும் ஒரு ரிங்கிற் பெறத் தொடங்கியதும் இந்நியாயத்தினாலேயே எனலாம். ஆனால் வழிப்போக்கர் வேறு, வதிபவர் வேறு. பத்து நாட் சுற்றிப் பார்த்துச் செல்பவர் நெரிசல் மிகுந்த சாதாரண பஸ் வண்டியைத் தேடி ஏறுவது அரிது. அங்கேயே குடியிருந்து, அங்கேயே உழைத்து, கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் சீலைக்கும் மற்றவரைப் போலவே வரி செலுத்துபவர் அந்தக் கருவூலத்துக்கு அந்நியர் ஆகமாட்டார். வரி வசூலிக்கும்போது எவரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பதில்லையே!

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் 2013 ஜனவரி 1 முதல் நகரவாசிகளுக்குப் பிரயாணம் இலவசம். அந்நாடு 1991இற் சுதந்திரத்தை மீட்டபோது, ருஷிய மொழி பேசும் மக்களுட் பெருந்தொகையினர் எந்நாட்டுப் பிரஜையும் அல்லாதவராய் நின்றனர். இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரை எந்நிலையில் நிறுத்தியது என்பதை அறிந்தோருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரஜாவுரிமையில் அத்துணைக் கடுமை காட்டிய நாட்டின் தலைநகரமே, பஸ் வண்டிக்கு மட்டும் வேறோர் அளவுகோலைக் கொண்டது: நகரப் பதிவேட்டிற் பெயர் இருந்தாற் போதும், கடவுச்சீட்டின் நிறம் பொருட்டன்று. வதிபவர் செலுத்தும் வருமான வரியின் ஒரு பங்கு அந்நகரசபைக்கு வருவதால், பதிவு செய்வோர் பெருகப் பெருக நகரசபைக்கும் ஆதாயமாயிற்று. லக்சம்பேர்க்கோ 2020 பெப்ரவரி 29 முதல் அதையும் கேட்பதில்லை. அந்நாட்டிற் குடியிருப்போருட் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர் பிறநாட்டுப் பிரஜைகளாயிருக்க, யாரை ஏற்றி யாரை இறக்குவது?

அட்டை கேட்பதுதான் முறை என்று ஓர் அரசு கருதுமாயின், எந்த அட்டை என்பதையேனும் அது தெளிந்து சொல்லுதல் வேண்டும். இந்தியாவில் ஆதார் அட்டை பிரஜைக்கு உரியதன்று. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் 182 நாள்கள் அந்நாட்டில் வதிந்த எவரும் அதனைப் பெறத் தகுதியுடையவர். பெங்களூரில் வதியும் ஒரு பிறநாட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் கொடுக்கும் வதிவிட அனுமதிப் பத்திரமும் அரசாங்கம் கொடுத்ததே. வதிவிடமே அளவுகோல் என்று கூறிய பின், அவ்விரண்டில் எதை நீட்டினாலும் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதற்குத் தடை இருத்தல் ஆகாது.